பையில் இருக்கிற காலர்

எங்க பஸ் டிப்போ டிரைவரு அழகுமலை மாமா வந்து என் இடது பக்கம் உட்கார்ந்துட்டாரு. பெஞ்சுல வலது பக்கம் ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாம், அம்புட்டு இடம் கிடக்கு, இந்த மனுஷனுக்கு இடதுதான் கேக்குது. இப்பப் பேச ஆரம்பிப்பாரு. நான் திரும்பணும். திரும்பலைன்னா என்ன மாப்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கன்னு கேப்பாரு. திரும்பினா கழுத்துல ஒரு இழுப்பு பிடிக்கும், தோள்பட்டையில இறங்கி முழங்கையைச் சுத்திச் சுண்டு விரல் வரைக்கும் போயி நிக்கும். காலையில ரெண்டு மாத்திரையைச் சேத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன். என் பொண்டாட்டி பஞ்சவர்ணம் பாத்துக்கிட்டே நின்னா, இட்லிய வச்சுட்டு அங்கிட்டுப் போயிட்டா. மாத்திரை மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள உள்ள கூப்பிட்டுரணும். உள்ளன்னா மெடிக்கல் போர்டு, பெரிய ஆஸ்பத்திரி மாடியில கடைசி ரூம்பு. டிரைவருங்க வண்டி ஓட்ட லாயக்குத்தானான்னு பாத்து எழுதுற இடம். ஃபிட்டுன்னு எழுதினா நாளைக்குக் காலையில கருமலை எஸ்டேட் வண்டி என்னோடது. அன்ஃபிட்டுன்னு எழுதினா லைட் டூட்டி, அதாவது டிப்போ கேட்டுல நாற்காலியப் போட்டு உட்கார்ந்து, போற வண்டி வர்ற வண்டிக்கு நம்பர் எழுதுறது. மொக்கராசு நான் ஓட்டுன வண்டிய இன்னொருத்தன் ஓட்டிட்டு வருவான், நான் அதோட நம்பர எழுதணும். அதுக்குப் பேசாம வீட்டுல கிடந்துரலாம். எனக்கு வண்டி ஓட்டணும், வேற ஒண்ணும் வேண்டாம். நேரா பாரு. எதிர்ச் செவுத்துல இருதயப் படம் மாட்டியிருக்கான், அதையே பாரு.

"என்ன மாப்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" கேட்டாச்சு. இடுப்போட சேத்துத் திரும்பினேன், உட்கார்ந்த இடத்துல பாதி சுத்தினேன். அப்படித் திரும்புனா வலிக்காது, பாக்குறவனுக்கு மரியாதையாத் திரும்புறோம்னு இருக்கும். மாமாவப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. கழுத்து வலிக்குப் போடுற காலரை மாட்டியிருக்காரு. அது அவரு காலர் இல்ல, டிப்போ காலர். ஊதாக் கலரு, உள்ள பஞ்சு. எவன் வாங்கினான்னு யாருக்கும் தெரியாது. டைம்கீப்பர் ரூம்புல குடைக்குப் பக்கத்து ஆணியில தொங்கும். லைட் டூட்டி வேணும்ங்கிறவன் போர்டுக்குப் போற அன்னைக்கு எடுத்து மாட்டிக்குவான், வந்து திரும்ப ஆணியில தொங்க விட்டுருவான். யாரோ ஒருத்தர் வீட்டுப் பொம்பளை அழுக்குத் தெரியாம இருக்கட்டும்னு அதுக்கு உறை வேற தச்சுக் குடுத்திருக்கு. ஒருத்தன் பவுடர் வாடை, ஒருத்தன் விபூதி, ஒருத்தன் மூக்குப்பொடி, எல்லாம் அந்த உறையில இருக்கு. குட்டைக் கழுத்து, நெட்டைக் கழுத்து, எருமைக் கழுத்து எல்லாத்துக்கும் அந்த ஒரே காலர்தான். மாமாவுக்குக் கழுத்துல ஒரு கேடும் கிடையாது. பன்னெண்டு ஆடு வச்சிருக்காரு, லைட் டூட்டி கிடைச்சா வெயில் தாழ வீட்டுக்குப் போயி ஆட்டைப் பாக்கலாம், அதான் சங்கதி. ஆனா காலரைத் திருப்பி மாட்டியிருக்காரு. பின்னாடி வர வேண்டிய உசந்த பக்கம் முன்னாடி நின்னு தாடையத் தூக்குது, கூவப் போற சேவலு கணக்கா வானத்தப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. "மாமா, அப்படி இல்ல. பள்ளமா இருக்குல்ல, அந்தப் பக்கந்தான் தாடைக்கு வரணும். ஒட்டுறது பின்னாடி." சொல்லிட்டு வாயோட நிக்க வேண்டியதுதான, கை போயிருச்சு. உரிச்சுத் திருப்பி, தாடைய அதுல உட்கார வச்சு, பின்னாடி ஒட்டப் போனேன். வலது கை சரியாப் பிடிச்சிருக்கு. இடது கை அந்த ஒட்டு முனையத் தேடுது, தேடுது, ஆப்புடல. விரலுக்குத் துணி எது தோலு எதுன்னு தெரியல. மாமாவே கையப் பின்னாடி விட்டு ஒட்டிக்கிட்டாரு. "உனக்கெப்படி மாப்ள இது தெரியும்?" "பாத்தாத் தெரியாதா மாமா." "நான் பாத்துட்டுத்தான மாட்டுனேன், எனக்குத் தெரியலையே." என்னையே பாக்குறாருன்னு இடது கன்னத்துக்குத் தெரியுது.

என் காலர் பையில இருக்கு. துண்டுல சுத்தி, மேல டிபன் பாக்ஸ வச்சிருக்கேன். பஞ்சு இல்ல, கெட்டிக் காலர், முன்னாடி ஒரு ஓடு பின்னாடி ஒரு ஓடு, தொண்டைக்கிட்ட ஒரு ஓட்டை. வாங்கின கடை பஜாருக்குள்ள ஒரு சந்துல இருக்கு. உள்ள போனதும் திரும்பி ஓடிரலாமான்னு இருந்துச்சு. கைக்குப் போடுறது, மணிக்கட்டுக்குப் போடுறது, கட்டை விரலுக்கு மட்டும் போடுறது, தோளைத் தூக்கிப் பிடிக்கிறது, முதுகுக்குக் கம்பி வச்ச பெல்ட்டு, எல்லாம் கயித்துல வரிசையாத் தொங்குது. ஒரு ஓரத்துல சின்னப் பிள்ளை சைசுல ஒரு முதுகு பெல்ட்டு. அதை ஏன் பாத்தேன்னு இருக்கு. கடைக்காரரு என் தாடைக்கும் நெஞ்செலும்புக்கும் டேப்ப வச்சு அளந்தாரு, சுத்தளவு எடுத்தாரு, நேராப் பாருங்க சார், எச்சில முழுங்குங்கன்னாரு. முழுங்கினேன். பின் ஓட்ட வச்சாரு, முன் ஓட்ட வச்சாரு, ரெண்டு பக்கமும் ஒட்டினாரு. அப்ப என் தலையோட கனம் போயிருச்சு. சத்தியமாச் சொல்றேன், தலைக்கு இம்புட்டு கனம் இருக்குன்னே அப்பத்தான் எனக்குத் தெரியும். ரெண்டு கையால யாரோ தாங்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. கடைக்காரரு பாக்கக் கூடாதுன்னு திரும்பப் பாத்தேன், காலர்ல எப்படித் திரும்புறது. அவரே திரும்பிக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி பாத்த டாக்டரு எக்ஸ்ரேயத் தூக்கிக் காட்டி, எலும்புக்கு நடுவுல நரம்பு மாட்டியிருக்கு, இதைப் போட்டுட்டு அசையாம இருங்க, வண்டி கிண்டியெல்லாம் தொடவே கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நானும் போட்டேன். வீட்டுக்குள்ள மட்டும் போட்டேன், வாசல்ல ஆளு வந்தாக் கழட்டினேன். காலரைப் போட்டுக்கிட்டு ஆமான்னு தலையாட்ட முடியாது, இல்லைன்னும் ஆட்ட முடியாது. குழம்பு ஊத்தவான்னு பஞ்சவர்ணம் கேப்பா, நான் கண்ண மூடித் தொறப்பேன், ஊத்துவா. இந்த மனுஷன் இப்பத்தான் சொன்ன பேச்சக் கேக்குறாருன்னு பக்கத்து வீட்டுல சொல்லிச் சிரிச்சிருக்கா. காலையில காலரைக் கழட்டிப் பீரோவுக்குள்ள வச்சுட்டு வண்டிக்குப் போயிருவேன்.

தவமணி இல்லைன்னா என்னைக்கோ மாட்டிக்கிட்டிருப்பேன். என் வண்டிக் கண்டக்டரு. நல்ல பய, வாய் மட்டும் ஊரு வரைக்கும் நீளும். எஸ்டேட்டு ரோட்டுல வளைவுக்கு வளைவு ஆளு இறங்கும், ஏறும். நேர் ரோட்டுல இடது கண்ணாடி போதும். வளைவுல நின்னா கண்ணாடியில மலைதான் தெரியும், முன்படியில நிக்கிறது தெரியாது, கழுத்தத் திருப்பித்தான் பாக்கணும். நான் திருப்பலைன்னு ஒரு நாள் தவமணி கண்டுபிடிச்சுட்டான். என்னண்ணேன்னு கேட்டான், ஒண்ணும் இல்லடான்னேன். மறுநாளே டிக்கெட்டெல்லாம் வெரசாப் போட்டுட்டு, வளைவு வர்றதுக்குள்ள முன்னாடி வந்து எஞ்சின் பெட்டிக்கிட்ட நின்னுக்கிட்டான். ஒரு விசிலு ஊதுவான், அப்புறம் குனிஞ்சு காதுக்கிட்ட, "இடது காலிண்ணே, போகலாம்." இல்லைன்னா, "இருங்கண்ணே, அம்மா ஒண்ணு இறங்குது." அம்புட்டுதான். எங்களுக்குள்ள அதைப் பத்தி ஒரு பேச்சுக் கிடையாது. டிரைவரும் கண்டக்டரும் என்னத்தத்தான் குசுகுசுன்னு பேசுவாங்களோன்னு தேயிலை பறிக்கிற பொம்பளைங்க கேலி பண்ணும். கியரு மாத்துற கையும் இடதுதான், அதுவும் மரத்துத்தான் போச்சு, ஆனா கியரு விழுறது காதுக்குக் கேக்கும், கால் வழியாத் தெரியும், அதுக்கு விரல் தேவையில்ல. இடது பக்கத்துக்குத்தான் வழியில்ல. வர்ற ஒண்ணாந் தேதி தவமணி டிக்கெட் செக்கிங்குக்குப் போறான். பரிச்ச எழுதிப் பாஸாயிட்டான், மிட்டாய் குடுத்தான், நானும் வாயில போட்டுக்கிட்டேன். நல்லா இருடான்னு மனசாரத்தான் சொன்னேன். புதுசா வர்றவன் எவன்னு தெரியாது. அவன்கிட்டப் போயி, தம்பி, அண்ணனுக்கு இடது பக்கம் கிடையாது, நீ பாத்துச் சொல்லுன்னா சொல்லுவேன்? சொன்னா அன்னைக்கே டிப்போ பூராத் தெரிஞ்சிரும். சொல்லாம ஓட்டினா. சொல்லாம ஓட்டினாங்கிறதுக்கு மேல நான் யோசிக்கிறதில்ல. அந்த இடம் வரைக்கும் போவேன், வேற எதையாவது நெனச்சுக்குவேன். டயர நெனப்பேன், பஞ்சவர்ணத்தோட அக்கா வீட்டு விசேஷத்த நெனப்பேன். கண்ண வச்சுச் சமாளிக்கலாம், இடுப்பத் திருப்பிப் பாத்துக்கலாம், மெதுவாப் போகலாம். இப்பக் கூட அதைத்தான் சொல்லிக்கிறேன். மெதுவாப் போகலாம், மொக்கராசு. ஹாரன் அடிச்சுக்கிட்டே மெதுவாப் போகலாம்.

மாமாவக் கூப்பிட்டாங்க. போனாரு. போன சுருக்குல வந்துட்டாரு, காலர் கழுத்துல இல்ல, கையில தொங்குது. மூஞ்சி செத்துப் போச்சு. "என்ன மாமா?" "அந்த டாக்டரம்மா படு கெட்டி மாப்ள. காலரைக் கழட்டுங்கன்னாங்க, கழட்டுனேன். திரும்புங்கன்னாங்க, அம்மா செத்தேன்னு கத்துனேன். சரி சரி உட்காருங்கன்னு தண்ணியெல்லாம் குடுத்தாங்க. குடிக்கும்போது, ஐயோ பின்னால செவுத்துல பல்லின்னாங்க." "திரும்பிட்டீங்களாக்கும்." "பல்லின்னா யாருதான் பாக்க மாட்டான், எங்க விழுதுன்னு பாக்கணுமில்ல? இந்த ஊதாக் காலரை இனிமே எவனாவது மாட்டிட்டு வந்தா மெமோ குடுப்பேன்னு சொல்லிட்டாங்க." எனக்குச் சிரிப்பு அடங்கல. சிரிச்சதுல கழுத்துல ஒரு வெட்டு வெட்டுச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டேன். மாமா அதையும் பாத்துட்டாரு. "மொக்கராசு, நீ எதுக்கு வந்திருக்க?" "ஓட்டத்தான் மாமா." "அதான் கேக்குறேன். உனக்கெதுக்குப்பா ஓட்டணும்?" நான் பதில் சொல்றதுக்குள்ள உள்ள இருந்து என் பேரு வந்துருச்சு. வலது பக்கமா எந்திரிச்சேன்.

ரூம்பு சின்னது. எதிர்ல மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, வலது பக்கம் சன்னல். ஃபேன் கடகடன்னு ஓடுது, பேசுறதே பாதிதான் கேக்குது. டாக்டரம்மாவுக்கு என் மக வயசு இருக்கும், காலையில இருந்து எங்க ஆளுகளப் பாத்து அலுத்துப் போயி உட்கார்ந்திருக்கு. கண்ணு பாத்தாங்க, ரத்தக் கொதிப்பு பாத்தாங்க. வலது கையக் குடுத்து இறுக்கிப் பிடிங்கன்னாங்க, பிடிச்சேன். இடது கைக்குக் கேக்கறதுக்குள்ள, ஏற்கனவே பிடிச்ச வலது கையவே இன்னும் நல்லா இறுக்கினேன், போதும் போதும்னு சிரிச்சுட்டாங்க. "வலது பக்கம் திரும்புங்க." திரும்பினேன், சன்னல்ல வேப்ப மரம். "இடது." மூச்ச இழுத்துக்கிட்டு, இடுப்பத் திருப்பித் தோளத் திருப்பித் திரும்பினேன், கண்ணுக்குள்ள வெளிச்சம் போயி வந்துச்சு, என்ன பாத்தேன்னு தெரியாது, திரும்பினது மட்டும் தெரியும். நேரா வந்தேன். டாக்டரம்மா என்னைப் பாக்கல, எழுதிக்கிட்டிருக்காங்க. "காலையில இருந்து வந்ததுல நீங்க ஒருத்தர்தான் எனக்குக் கழுத்து வலின்னு சொல்லாத ஆளு. இன்னும் ஒரு வருஷம் நல்லா ஓட்டுங்க." முடிஞ்சு போச்சு. இம்புட்டு லேசா முடியும்னு நெனக்கல. நோய்ன்னு சொல்லி ஏமாத்துறவனைப் பிடிக்க ஆயிரம் வழி வச்சிருக்காங்க, நல்லா இருக்கேன்னு சொல்றவனை யாரும் பிடிக்கிறதில்ல. நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம், கருமலை ரோட்டுல முதல் வளைவுல குளிர் காத்து மூஞ்சியில அடிக்குமே, அது இப்பவே அடிக்குது. பஞ்சவர்ணத்துக்குப் பூ வாங்கிட்டுப் போகணும். ரொம்ப நன்றிம்மான்னு சொல்லி, நாற்காலியப் பின்னால தள்ளி எந்திரிக்கப் போனேன். "அண்ணே, கை, கை" அப்படின்னு ஒரு குரலு.

நின்னுட்டேன். இடுப்போட திரும்பிப் பாத்தா, இடது பக்கம் கீழ ஒரு பொம்பளை குத்த வச்சு உட்கார்ந்து ஈரத் துணியால தரையத் தொடைச்சுக்கிட்டிருக்கு. பக்கத்துல வாளி. அதோட கை இருந்த இடத்துல என் நாற்காலிக் காலு நிக்குது, கையத் தூக்கி நெஞ்சுல வச்சுக்கிட்டுச் சிரிக்குது. "நல்ல வேளை. எம்புட்டு நேரமா உங்க பக்கத்துலயேதாண்ணே தொடைச்சிட்டிருக்கேன்." எம்புட்டு நேரமா. நான் இடது பக்கம் திரும்பினேனே, திரும்பிக் காட்டினேனே, அப்பவும் இருந்துச்சா. இருந்திருக்கும். ஒரு முழம் தூரம். என் சீட்டுக்கும் முன்படிக்கும் இதை விடத் தூரம் சாஸ்தி. அந்தப் பொம்பளை மறுபடியும் குனிஞ்சு தொடைக்குது. டாக்டரம்மா அடுத்த ஆளு பேரப் பாக்குறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, நான் நடந்து வெளிய போயிரலாம், கதவு பின்னாலதான் இருக்கு. மெதுவாப் போகலாம், ஹாரன் அடிச்சுக்கிட்டே போகலாம். எஸ்டேட்டுல ஒரு அம்மா மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு இறங்கும், அது படியில ஒரு காலும் தரையில ஒரு காலுமா நின்னு மூட்டைய வாங்கச் சொல்லி ஆளக் கூப்பிடும். அதோட பேரு கூட எனக்குத் தெரியாது. உட்கார்ந்துட்டேன்.

"என்ன மொக்கராசு, எழுதிட்டேனே." "அதை அடிச்சிருங்கம்மா." "எதை?" "ஃபிட்டுன்னு எழுதினத. எனக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பல." டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சாங்க. சிரிக்கிறாங்களா கோவமான்னு தெரியல. "வெளிய அழகுமலை என்ன சொல்லிக் குடுத்தாரு? முதல்ல நல்லவன் மாதிரி வா, கடைசியில சொல்லு, நம்பிருவாங்கன்னாரா?" "இல்லம்மா." பையத் தொறந்து, டிபன் பாக்ஸ எடுத்து வச்சு, துண்டப் பிரிச்சுக் காலரை எடுத்தேன். "அதை உள்ள வைங்க. கலரு மாறியிருந்தா நம்பிருவேனா? எக்ஸ்ரே இருக்கா?" "வீட்டுல இருக்கும்மா, பீரோ மேல." "எல்லாருக்கும் பீரோ மேலதான் இருக்கு." எனக்குக் கோவம் வந்துருச்சு. இந்த வேலைய நான் எப்படி வச்சிருக்கேன்னு இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். கையில குடுத்ததத் திருப்பிக் குடுக்கிறேன், வாங்க மாட்டேங்குது. "அம்மா, நான் ஆடு மேய்க்கப் போறதுக்குக் கேக்கல. நான் கேட்டுல உட்கார்ந்து நம்பர் எழுதுறதுக்குப் பதிலா செத்துரலாம்னு நெனக்கிறவன். முன்னாடி காட்டினது பொய், இப்பச் சொல்றதுதான் நெசம். தரை தொடைக்கிற இவங்க கையிலயே நாற்காலிய ஏத்தப் பாத்தேன். நீங்க எழுதினத மாத்தாம நான் எந்திரிக்க மாட்டேன்."

டாக்டரம்மா எந்திரிச்சுச் சுத்தி வந்து எனக்குப் பின்னால நின்னாங்க. என் ரெண்டு தோளையும் கையால அழுத்தி நாற்காலியோட பிடிச்சுக்கிட்டாங்க. சின்னக் கை, ஆனா அசைய முடியல. "அக்கா, நீங்க எந்திரிச்சு இவருக்கு இடது பக்கம் நில்லுங்க. விரலைக் காட்டுங்க. மொக்கராசு, தோளு அசையக் கூடாது, கழுத்து மட்டும் திரும்பணும். எத்தனை விரல்னு சொல்லுங்க." திரும்பினேன். நெசமாவே முழுசா முயற்சி பண்ணினேன், இதுல போயி ஏமாத்துறதுக்கு என்ன இருக்கு. மேசை தெரியுது. மேசை ஓரம் தெரியுது. செவுத்துல கொஞ்சம் தெரியுது. அதுக்கு மேல கழுத்து போகல, பூட்டுப் போட்டாப்ல நின்னுருச்சு, கையில தீ இறங்குது, கண்ணு கலங்குது. "இன்னும்"ங்கிறாங்க டாக்டரம்மா. இன்னும் இல்லம்மா, இதான். பக்கத்துல ஈரத் துணி வாடை வருது, சேலை சரசரன்னு நகருது. அந்தப் பொம்பளை என் பக்கமாக் குனியுது போல. காதுக்கிட்ட, டாக்டரம்மாவுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு மெதுவா, எனக்கு நல்லது பண்ணுறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லுது.

"மூணுண்ணே. மூணுன்னு சொல்லுங்க."

"தெரியலம்மா"ன்னு சத்தமாச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியல."